காரு இல்லாத காரு செட்டு

பையை இங்கிட்டு வைங்க டீச்சர், எடம் கெடக்கு. டீச்சர்தானே? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். இந்தத் தூக்குவாளி உங்களை இடிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கிறுங்க, உள்ள கஞ்சி இருக்கு, கீழ வச்சா சாஞ்சிரும். ராமநாதபுரம் வரைக்கும் மடியிலதான். எங்க வீட்டு மனுஷனுக்குக் கொண்டுபோறேன். எலும்பு ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டிக்கிட்டு மகாராசா மாதிரி படுத்துருக்காரு.

என்னாச்சுன்னுதானே கேக்கப் போறீங்க. காரு செட்டு கட்டுனாரு. அதான் ஆச்சு.

காரு இருக்கான்னு கேளுங்க. இல்ல. சைக்கிள் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கும் செயின் இல்ல. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் வேன் ஓட்டுன ஆளு டீச்சர். ராமேஸ்வரத்துக்கு சாமி கும்பிட வர்ற ஜனத்த ஏத்திக்கிட்டு தனுஷ்கோடி, மதுரை, கன்னியாகுமரின்னு சுத்துவாரு. கண்ணுல கோளாறு வந்து இனி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முதலாளி கொஞ்சம் கையில குடுத்தாரு, சீட்டு ஒண்ணு முடிஞ்சு வந்துச்சு, எல்லாம் சேத்து மூணு லட்சத்துப் பத்தாயிரம். எங்களது ஓட்டு வீடு. அடுப்படியில மழை பேஞ்சா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் நான் கொழம்பு தாளிக்கணும். அடுப்படியைப் பிரிச்சுக் கட்டுவோம்னு நான் சொன்னேன். இவரு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்றாரு, காரு செட்டு கட்டப் போறேன்னு.

கண்ணு தெரியாத டிரைவரு, இல்லாத காரு, அதுக்கு ஒரு செட்டு. எங்க தெரு ஜனம் ஒரு வாரத்துக்கு வேற எதுக்கும் சிரிக்கல.

பின்னால காரு வாங்குவீகளான்னு கேட்டேன். "மகன் வாங்குவான்"ங்கிறாரு. மகன் திருப்பூருல பனியன் கம்பெனியில தையல் மிஷின் மிதிக்கிறான். அவன் ஊருக்கு வர்றதுக்கே ரயிலுல பொதுப்பெட்டியிலதான் நின்னுக்கிட்டு வருவான். அவன் காருல வந்து எறங்குவானாம், இவரு செட்டைத் தெறந்து விடுவாராம்.

அப்புறம் ஆரம்பிச்சாரு பாருங்க கணக்கு. பழைய டைரி ஒண்ணு, மூக்குக் கண்ணாடி ஒண்ணு, காலையில டீ குடிச்சா மத்தியானம் வரைக்கும் எழுத்துத்தான். நாட்டுக்கே பட்ஜெட் போடுறவன்கூட இம்புட்டு யோசிச்சுருக்க மாட்டான். எங்க ஊருல வீடு கட்டுறதுன்னா சும்மா இல்ல டீச்சர். நாலு பக்கமும் கடலு, சுத்தி மணலாக் கெடக்கு, ஆனா ஒரு பிடி மணல எடுத்துக் கட்ட முடியாது. உப்பு. ரெண்டே வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு செவரு வெடிச்சுப் போகும். அதனால மணலு, ஜல்லி, கம்பி எல்லாம் பாம்பன் பாலத்தத் தாண்டி வரணும். பாலத்தத் தாண்டுனா வெலையும் தாண்டிரும். தண்ணிகூட நல்ல தண்ணி லாரியிலதான் வாங்கணும். நாங்க குடிக்க குடம் பத்து ரூபாய்னா யோசிக்கிறோம், இவரு காங்கிரீட்டுக்கு லாரித் தண்ணி வாங்குறாரு.

கொத்தனாரு செவத்தியான் வந்தான். எங்க சொந்தக்காரப் பயதான், நல்ல வேலைக்காரன், வாயிதான் கொஞ்சம் ஜாஸ்தி. வந்து அளந்து பாத்துட்டு, "மாமா, காரு செட்டுன்னா மேல தகரம் போடுவோம், ஒன்றரை லட்சத்துல முடிச்சுருவோம், மிச்சத்துல அத்தைக்கு அடுப்படி எடுத்துக் குடுத்துருவோம்"னு சொன்னான். என் வயித்துல பால வாத்தான். இவரு ஒரே வார்த்தை. "தகரம் வேணாம். காங்கிரீட்டு போடு."

"காருக்கு எதுக்கு மாமா காங்கிரீட்டு?"

"காரு மேல தென்னமரம் விழுந்தா உங்கப்பனா குடுப்பான்?"

எங்க வீட்டச் சுத்தி இருக்குறது ரெண்டு தென்னை. அதுவும் தெக்குப் பக்கமாச் சாஞ்சு நிக்கிது. இருந்தாலும் காங்கிரீட்டுதான். நாலு மூலைக்கும் பில்லரு, நடுவுல சுத்திவர காங்கிரீட்டுல பெல்ட்டு, செவரு ஒம்போது அங்குலம். செவத்தியான் எஸ்டிமேட்ட எழுதிக் குடுத்தான். நாலு லட்சத்து எழுவதாயிரம். கையில இருக்குறது மூணு பத்து. அத்தோட விட்டுருவாருன்னு நெனச்சு நான் உள்ளுக்குள்ள மாதாவுக்கு மெழுகுதிரி நேந்துக்கிட்டேன். விடுவாரா. சுருக்க ஆரம்பிச்சாரு. அளவைச் சுருக்குனாரு. பதினெட்டு அடி நீளம் பன்னெண்டு அடி ஆச்சு.

செவத்தியான் தலையில கை வச்சுக்கிட்டான். "மாமா, எந்தக் காரும் பன்னெண்டடிக்குள்ள நிக்காது மாமா. மூஞ்சி உள்ள இருந்தா குண்டி வெளிய இருக்கும்."

"சின்னக் காரு"ன்னாரு.

கேட்டுக்கிட்டீங்களா. முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டுன ஆளுக்கு காரு எம்புட்டு நீளம்னு தெரியல.

இம்புட்டோட முடிஞ்சுச்சா. தரைய ரெண்டரை அடி தூக்கணும்னாரு. ஏன்னா கடல் தண்ணி ஏறுனா காரு நனைஞ்சிருமாம். அதுக்கு முன்னால ஏறிப் போக ஒரு சரிவு. சரி. மேல பின்பக்கம் சின்னதா ஒரு சன்னலு, கம்பி போட்டு. காருப் புகை வெளிய போகவாம். சரி. உள்ள செவத்த ஒட்டி ஆறடிக்கு ஒரு சிமிண்டுத் திண்டு. அது எதுக்குன்னு கேட்டா, டிரைவரு அசந்து படுக்கணும்னாராம். யாரு அந்த டிரைவரு? செவத்துல இடுப்பு ஒயரத்துல இரும்பு வளையம், ஒன்றரை அடி தள்ளித் தள்ளி, வரிசையா ஏழு. காரை ஓடாமக் கட்டிப் போடணுமோ என்னமோ. செவத்தியான் அந்த வளையத்தப் பதிச்சுக்கிட்டே என்னைப் பாத்துச் சிரிச்சான். எதுக்குடா சிரிக்கிறேன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லத்தேன்னுட்டு வெத்தலையத் துப்பப் போயிட்டான்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா உங்களுக்கு வெளங்காது. எங்கிட்ட ஆடு இருந்துச்சு, ஏழு.

ஆடுன்னா சந்தையில வாங்கி சந்தையில விக்கிற ஆடு இல்ல. ஒரே ஆடு, அது பெத்து, அது பெத்ததுன்னு வந்தது. மகன் படிச்சதும் அதுலதான், எனக்கு இளைப்பு மருந்து வாங்குறதும் அதுலதான். புயல் வந்தா எங்க ஊருல என்ன செய்வாகன்னு தெரியுமா உங்களுக்கு? பாம்பன்ல எட்டாம் நம்பர் கூண்டு ஏத்திட்டா ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு வந்துருவாக. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க, சோறு போடுறோம்னு. மனுஷங்க போலாம். ஆட்ட உள்ள விட மாட்டாக. நீங்க டீச்சரு, உங்க பள்ளிக்கூடத்துல ஆடு படுத்தா நீங்க விடுவீங்களா? மாட்டீங்க. அதனால நான் போக மாட்டேன். ஆட்ட விட்டுட்டு நான் எங்கிட்டுப் போறது?

நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய புயல் வந்துச்சுல்ல. வி.ஏ.ஓ. வந்து கூப்பிட்டாரு, பங்குச் சாமியார் வந்து கூப்பிட்டாரு, போலீசு வந்து கத்துச்சு. நான் அசையல. நான் போகலன்னா அவரும் போகல. பகல் முழுக்க காத்து. பாதி ஓடு பறந்துருச்சு. வாசக்கதவு பிச்சுக்கிட்டுப் போகாம இருக்க இவரு முதுகைக் குடுத்துக்கிட்டே நின்னாரு. உள்ள நானும் ஏழு ஆடும். காத்து நின்னதும் தெருவுக்கு வந்தாரு. தோள்பட்டை எறங்கிப் போச்சு, கை தொங்குது. தெரு ஜனம் பூராவும் பள்ளிக்கூடத்துலருந்து திரும்பி வருது. அம்புட்டுப் பேருக்கும் முன்னால மாதா கோயில் கோபுரத்தப் பாத்துக் கையத் தூக்கி, தூக்க முடிஞ்ச கைய, சத்தியம் பண்ணுனாரு. "இவ ஆட்டுக்கு ஒரு குடிசை என்ன, ஒரு செங்கல்லுகூட இந்தக் கையால எடுத்து வைக்க மாட்டேன். மாதா மேல ஆணை"ன்னாரு.

எங்க ஊருல மாதா மேல சத்தியம் பண்ணுனா பண்ணுனதுதான். மீறுனா வலை விழாது, வயிறு நெறையாதும்பாக. அன்னையிலருந்து ஆடுங்கிற வார்த்தையே அவரு வாயில வரல. அது குறுக்க போனாலும் செவத்தப் பாத்துக்கிட்டு நிப்பாரு. அடுத்த வருஷந்தான் கண்ணு போச்சு, அதுக்கப்புறம் இந்தக் காரு செட்டுப் பைத்தியம்.

என்னத்துக்கு இப்படிச் சிரிக்கிறீங்க டீச்சர்? செவத்தியான் மாதிரியே சிரிக்கிறீங்க.

தெரியும். எனக்கும் தெரியும். வளையம் ஏழுன்னு எண்ணத் தெரியாதா எனக்கு? ஆனா அவரு காருன்னுதானே சொல்றாரு. நான் போயி, இது ஆட்டுக்கான்னு கேட்டா, ஆமான்னு சொல்ல வாய் வருமா? சொன்னா சத்தியம் போச்சு. அதனால நானும் காருன்னே சொன்னேன். தெருவுல கேட்டா காரு வருதுன்னேன். என்ன நெறம்னு கேட்டாக, வெள்ளைன்னேன். இதுல எனக்கு வேற ஒரு வயித்தெரிச்சல். நாலு காலு உள்ளதுக்கு ஒம்போது அங்குலச் செவரு, கட்டிக்கிட்டு வந்தவளுக்கு ஒழுகுற அடுப்படி. இந்த மனுஷனுக்கு என்னையவிட அதுகதான் பெருசுன்னு ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல நான்.

ஆடு திண்டுல படுக்காதுங்கிறது, டீச்சர், எனக்கு அப்பத் தோணல. ஆட்டுக்கு இளைப்பு வராதுங்கிறதும், மூச்சு விடச் சன்னலு வேணாங்கிறதும் தோணல.

சரி, பணத்துக்கு வருவோம். எல்லாத்தையும் குறைச்சும் இருவதாயிரம் இடிக்குது. கம்பியில குறைக்க மாட்டேங்கிறாரு, சிமிண்டுல குறைக்க மாட்டேங்கிறாரு. வெளிப்பூச்சை விட்டாரு, வெள்ளையடிக்கிறத விட்டாரு. கடைசியாக் கதவு. இரும்புல ரெட்டைக் கதவு, உள்ளயும் வெளியயும் தாப்பா, முப்பதாயிரம்னு எழுதி இருந்துச்சு. அதை அடிச்சாரு. பாம்பன்ல பாத்திரக் கடை ஒண்ணை இழுத்து மூடிட்டாக. அங்க பழைய ஷட்டரு எட்டாயிரத்துக்கு வருதுன்னு செவத்தியான் சொன்னான். கட்டி இரும்பு, நல்ல கனம். தட்டிப் பாத்தாரு, தூக்கிப் பாத்தாரு, வாங்கிட்டாரு. இருவத்திரெண்டாயிரம் மிச்சம்னு அன்னைக்கு அந்தச் சிரிப்பு சிரிக்கிறாரு. ரெண்டாயிரத்துக்கு எனக்கு ஒரு குக்கரு வாங்கிக் குடுத்தாரு.

இந்தா பாலம் வந்துருச்சு. சன்னல மூடுங்க, காத்து அள்ளும்.

போன மாசம் வந்துச்சு புயலு. எட்டாம் நம்பர் கூண்டு, மைக்கு, ஆட்டோ, எல்லாம் வந்துச்சு. நான் கேட்டேன், காரு செட்டு சும்மாத்தானே கெடக்கு, காரு வர்ற வரைக்கும் ஆட்ட அங்க கட்டிக்கிறவான்னு. கேக்குற மாதிரி கேட்டேன். "என்னமும் பண்ணு, காரு வந்தா எடுத்துரணும்"னாரு. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாரு. ஆனா காதைப் பாத்தேன், காது சிரிச்சுச்சு. ஏழையும் ஏழு வளையத்துல கட்டுனேன். திண்டுல பாய் விரிச்சுக் கெடந்துச்சு, எப்ப விரிச்சாரோ. என் மருந்து, தண்ணி, ரொட்டி எல்லாம் தலைமாட்டுல இருந்துச்சு. அப்பத்தான் டீச்சர் எனக்கு ஒறைச்சுச்சு, இது ஆட்டுக்கு மட்டும் இல்லன்னு. ஒறைச்சும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? குக்கர உள்ள எடுத்து வைக்கலயான்னு கேட்டேன்.

மத்தியானம் பன்னெண்டுக்குப் பிடிச்சுச்சு. ஷட்டர எறக்குனாரு. எறங்குச்சு, நிக்கல. காத்து அடியில நொழைஞ்சு மேல தூக்குது. அமுக்கிப் பிடிச்சா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்குது. கயித்த வளையத்துல போட்டு இழுத்துக் கட்டுனோம், ஒரே இழுப்புல அறுந்துருச்சு. தாப்பாவப் போடுங்கன்னு நான் கத்துறேன். அவரு கீழ குனிஞ்சு தடவிக்கிட்டே இருக்காரு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உள்ள தாப்பா இல்ல.

கடை ஷட்டருதானே. கடைக்காரன் சாயங்காலம் வெளியில நின்னு பூட்டிட்டு வீட்டுக்குப் போவான். உள்ள எவன் இருந்து பூட்டுவான்? இவரும் முப்பத்தோரு வருஷமா வண்டிய உள்ள விட்டுட்டு வெளியில நின்னு பூட்டிட்டு வந்த ஆளு. ஜல்லியில ஒரு சட்டி குறைஞ்சா கண்டுபிடிச்சாரு, சிமிண்டு மூட்டைய எண்ணி எண்ணி வச்சாரு. ஷட்டருக்குப் பூட்டு எந்தப் பக்கம்னு மட்டும் பாக்கல. செவத்தியானும் பாக்கல. அவனைக் கேட்டா, "காரு உள்ள இருந்து தாப்பாப் போடாதுல்லத்தே, அதான் நானும் விட்டுட்டேன்"னு அழுறான்.

என்னைத் திரும்பிப் பாத்தாரு. "சன்னலுக்குக் கீழ உக்காரு, மூச்ச இழுத்து விடு"ன்னாரு. குனிஞ்சு வெளிய போனாரு. வெளியில கால வச்சு மிதிச்சு ஷட்டரத் தரையோட அமுக்கிப் பூட்டைப் போட்டாரு. நான் ஓடிப் போயித் தட்டுறேன். "வீட்டுல இருக்கேன், பயப்படாத"ங்கிறாரு. எந்த வீடு? பாதி ஓடு பறந்த வீடு.

மூணு மணி நேரம் டீச்சர். ஒரு ஆட்டம் இல்ல, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அப்படிக் கட்டியிருந்தாரு. நான் திண்டுல உக்காந்துருக்கேன், ஆடு அசை போடுது. வீட்டுப் பக்கம் பெருசா ஒரு சத்தம் கேட்டுச்சு. எங்க ஜனத்துல புருஷன் பேரச் சொல்ல மாட்டோம். முப்பத்தாறு வருஷமா நான் சொன்னதில்ல. அன்னைக்கு எமரிட்டு, எமரிட்டுன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். காத்துதான் இரைஞ்சுச்சு.

பக்கத்து வீட்டு லெயோன் பள்ளிக்கூடத்துலருந்து வந்து பாத்துருக்கான். செவரு விழுந்து, உத்தரம் கால் மேல கெடந்துருக்கு. அதை நகத்தப் போனவன்கிட்ட, "சாவி சட்டைப் பையில இருக்கு, மொதல்ல அங்க தெற, அவளுக்கு இளைப்பு வந்துரும்"னு சொல்லிருக்காரு.

பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாமேன்னு நீங்களும் கேக்குறீங்க பாத்தீங்களா. எல்லாரும் அதையேதான் கேக்குறாக. மகன் போன்ல கேட்டான், டாக்டரம்மா கேட்டுச்சு. எட்டாயிரம் ரூபா ஷட்டர வாங்கிட்டு வந்தது அவரு, பூட்டைப் பாக்காதது செவத்தியான், ஆட்ட விடமாட்டேன்னது பள்ளிக்கூடம். எல்லாத்தையும் விட்டுட்டு என்னையத்தான் கேக்குறாக. நானா அவரை வெளிய போகச் சொன்னேன்? உள்ள இருங்க, பறந்தா சேந்து பறப்போம்னுதானே சொன்னேன். சொன்னேனா, மனசுல நெனச்சேனான்னுதான் இப்பத் தெரியல.

முட்டிக்குக் கீழ ரெண்டு எடத்துல ஒடைஞ்சுருக்கு. கம்பி வச்சாக. காப்பீட்டு அட்டையில பாதி போச்சு, மீதியக் கட்டச் சொல்லிட்டாக. வச்ச எடத்துல இப்பச் சீழு பிடிச்சுருச்சு. இன்னைக்குக் கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு டாக்டரம்மா சொல்லிருக்கு. மறுபடி தொறந்து கழுவிப் பாப்பாகளாம், இல்லன்னா காலையே எடுக்கணுமாம். கையெழுத்துப் போட நான் வரணும்னாக. எனக்குப் பயமா இருக்கு டீச்சர். வண்டி ஓட்டுன காலு.

ரெண்டுக்கும் பணம் வேணும்ல. நேத்து ராமேஸ்வரத்துலருந்து ஆட்டு யாவாரி வந்தான். ஏழையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். மூத்தது மட்டும் வேன்ல ஏற மாட்டேன்னு நின்னுச்சு, நான்தான் பின்னால தள்ளி ஏத்தி விட்டேன். செட்டு இப்பக் காலியாத்தான் கெடக்கு. அடுத்த வாட்டி மைக்கு வந்தா மொத ஆளா நான் போயிப் பள்ளிக்கூடத்துல உக்காந்துருவேன், யாரும் கூப்பிட வேண்டியதில்ல.

ராமநாதபுரம் வந்துருச்சா? இன்னும் இல்லியா. சரி.

அவருக்கு இன்னும் தெரியாது. போன உடனே என்ன கேப்பாருன்னு சொல்லவா? நாலு வருஷமா ஆடுங்கிற வார்த்தையச் சொல்லாத மனுஷன், கால் ஒடைஞ்சு படுத்த நாள்ல இருந்து தெனமும் அதைத்தான் கேக்குறாரு. நான் சாப்பிட்டேனான்னு கேக்குறதுக்கு முன்னால அதைக் கேக்குறாரு. "ஆட்டுக்குத் தழை போட்டியா?"ன்னு. இன்னைக்கும் கேப்பாரு. போட்டேன், ஏழும் நல்லாத் தின்னுச்சு, செட்டுக்குள்ள சொகமாப் படுத்துருக்குன்னு சொல்லணும். இந்த பஸ்ஸு ஏறுனதுலருந்து வாய்க்குள்ள அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாக்குறேன் டீச்சர், ஏழும்ங்கிறதோட நின்னுருது. நீங்க கொஞ்சம் கேளுங்களேன், அவரு கேக்குற மாதிரி. ஒரு தடவை முழுசாச் சொல்லிப் பாத்துக்கிறேன்.